கூழும் கொலுவும் கூதிர் காலமும்

புரட்டாதியின் பிற்கூறு நெருங்கியதும் எங்கள் ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றின் சுவர்களிலே செம்மஞ்சள் நிற இலைகள் உதிரத் தொடங்கிவிடுகின்றன. அவை மரத்திலிருந்து உதிர்வன அல்ல. வண்ணக் கடுதாசியிலே வெட்டி ஒட்டப்பட்டவை. விரித்த கைபோலத் தோன்றும் அவ்விலை மேப்பிள் என்னும் மரத்தினுடையது. கனடா நாட்டுக் கொடியிலே விளங்குவது. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளை அம்மரத்தைத் தன் ஊரிலே கண்டதில்லை. ஆயினும் அவ்விலைகளுக்கு மேலே ‘இலையுதிர் காலம்’ என்று அழகாக எழுதியிருக்கும். அதன்கீழ் அமர்ந்திருக்கும் பிள்ளை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால், வேம்பு பச்சைப் பசேலென நிற்பதைக் காணும். பனைகளின் பின்னே முகில் திரள்வதைக் காணும். உதிர்கின்ற இலையை மாத்திரம் காணாது.

இஃது ஒரு சிறு விடயம் என்று தள்ளிவிடலாம். நான் அவ்வாறு தள்ளத் துணியேன். சுவர் ஒன்று சொல்ல, சன்னல் வேறொன்று சொல்லுமாயின், பிள்ளை சுவரையே நம்பும். ஏனெனில் சுவரிலே எழுதியவர் ஆசிரியர். தன் கண்ணிலும் ஆசிரியரின் எழுத்தையே பெரிதாக மதிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது. பின்னாளிலே இலக்கியம் படிக்கும்போது, ‘கூதிர்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் பெறும் அந்தப் பிள்ளை, கூதிர் தன் தலைமேலே பெய்துகொண்டிருப்பதை அறியாது.

பருவமும் பெயரும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மேலைநாட்டார் இலையுதிர் காலம் என வழங்கும் செப்ரெம்பர், ஒக்ரோபர், நவெம்பர் மாதங்கள் எமக்குக் காரின் கடைக்கூறும் கூதிருமாம். வடநூலார் ஐப்பசி கார்த்திகையைச் சரத் ருது என்பர். அக்காலத்து நவராத்திரியைச் சாரதா நவராத்திரி என்று சொல்வதும் அது பற்றியே.

குளிர்நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இலையின் பச்சையம் சிதைகின்றது. அதுவரை பச்சையத்துள் மறைந்துகிடந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. உறைபனியிலே நீர் எடுக்க இயலாத மரம் இலையைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கின்றது. எங்கள் மரங்களும் இலை உதிர்ப்பனவே. ஆனால் காலம் வேறு. மழை நின்று நிலம் வறளத் தொடங்கும் மாசி பங்குனியிலேதான் வேம்பும் இலுப்பையும் பழைய இலையைக் கழித்துப் புதுத்தளிர் ஈனுகின்றன. ஆகவே எங்கள் நாட்டுக்கு இலையுதிர் காலம் ஒன்று வேண்டுமாயின் அது பின்பனியே. ஐப்பசியிலே அப்பெயரைச் சூட்டுவது, நண்பகலிலே விளக்கேற்றி வைத்துவிட்டு ‘மாலையாயிற்று’ என்பது போலாகும்.

நமது நூல்களையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. கார் காலம் ஆவணியிலே தொடங்கும் என்று உரையாசிரியர்கள் சொன்னது உண்மையே. ஆயினும் யாழ்ப்பாணத்திலே ஆவணி வறண்ட மாதம். கிணறுகள் வற்றும் காலம். எங்கள் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலே பெய்து முடிந்துவிடுகின்றது. ஆறென்று சொல்லத்தக்க ஆறு இல்லாத இந்தச் சுண்ணக்கல் நிலத்திலே, வழுக்கையாறு ஓடுவதும் அம்மழைக்காலத்திலேதான். எனவே கார் என்று நூல் கூறும் முழக்கத்தை எங்கள் பிள்ளை கூதிரிலே கேட்கின்றது. நூலையும் வானத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கப் பழக்குவதே ஆசிரியர் தொழில்.

கூதிரின் இயல்பை நக்கீரர் நெடுநல்வாடையின் 188 அடிகளிலே காட்டியிருக்கிறார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலத்துக்கு ஆநிரையை ஓட்டிய இடையர் குளிரால் நடுங்குகின்றனர். கதிரவன் தோன்றாமையால் பொழுது தெரியாத மகளிர், தட்டிலே இட்ட பித்திகைமொட்டு மலர்வது கண்டு மாலை வந்ததென உணர்கின்றனர். கோடைக்குப் பயன்பட்ட விசிறி தொங்கவிட்டபடியே கிடக்க, அதிலே சிலந்தி நூல் பின்னுகின்றது. ஒரு விசிறியும் ஒரு சிலந்தியும் போதும், பருவம் வந்துவிட்டது. ஐப்பசி மாதத்திலே ஒரு வகுப்பறையை அலங்கரிக்க இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமோ?

மேப்பிள் இலைமேல் எனக்குப் பகை இல்லை. ரொறொன்ரோ நகரிலே வாழும் என் பழைய மாணவி ஒருத்தி, தன் மகன் ஒக்ரோபர் மாதத்திலே கடுதாசிக் கூழாற் செய்த பூசணிக்காயையும், அதைச் சுற்றி அவன் பொறுக்கி அடுக்கிய உண்மையான மேப்பிள் இலைகளையும் படம் பிடித்து அனுப்பினாள். அதே மேசையின் மறுகோடியிலே மூன்று படியிலே நவராத்திரிக் கொலு. பார்த்து மகிழ்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு அந்த இலை அவன் முற்றத்து உண்மை. எங்கள் பிள்ளைக்கு எது முற்றத்து உண்மையோ, அதையே அவனும் கையாற் செய்தல் வேண்டும் என்பதே என் கருத்து. சென்ற புரட்டாதியிலே, நான் கற்பிக்கும் பாடசாலையின் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அதனைச் செய்து பார்த்தோம். வாணி விழாக் கொலுவுக்குக் கடைப்பொம்மை வாங்குவதில்லை. எங்கள் கூதிர் காலத்தைக் கடுதாசிக் கூழினாலே நாங்களே செய்வது என்பது ஏற்பாடு.

கூழின் கதை

கூழ் என்றவுடன் யாழ்ப்பாணத்தவருக்கு ஒடியற்கூழும் ஆடிப்பிறப்புக் கூழுமே நினைவுக்கு வரும். பிள்ளைகளும் அப்படியே நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் கடுதாசியும் ஒரு கூழே. சீன நாட்டிலே கி.பி. 105ஆம் ஆண்டளவிலே சாய் லூன் என்பார் மரப்பட்டை, சணல், கந்தைத்துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை இடித்துக் கூழாக்கி, அதனைப் பரப்பி உலர்த்திக் கடுதாசி செய்முறையைச் செம்மைப்படுத்தினார் என்பர். கடுதாசியை மீண்டும் நீரிலே ஊறவைத்தால் அது தன் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. அவ்வளவே கடுதாசிக்கூழ் வேலையின் மறைபொருள்.

சொற்களும் ஒரு கதை சொல்கின்றன. காகிதம் என்பது பாரசீகச் சொல்லின் வழி வந்தது. நாம் வழங்கும் கடுதாசி, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். தாள் என்பதொன்றே நம்முடையது. அதற்கு அடி என்பது ஒரு பொருள். நெல் முதலியவற்றின் தண்டு என்பது மற்றொரு பொருள். வாழைச்சேனையிலே 1950களில் எழுந்த கடதாசி ஆலை வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டு இயங்கியது என்று நான் சொன்னபோது, “அப்ப நெல்லின்ர தாள்தான் கொப்பித் தாளாக வந்ததோ, ஐயா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். எந்த அகராதியும் அதனினும் தெளிவாகச் சொல்லியிராது.

கூழைக் கலையாக்கியோர் பலர். காசுமீரத்திலே 15ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த சைனுலாபிதீன் என்னும் மன்னர் நடு ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கைவினைஞரை வரவழைத்தார் என்பது வரலாறு. அங்கே கூழால் உருவமைப்போர் ஒரு வகையினர். அதன்மேல் ஓவியந் தீட்டுவோர் மற்றொரு வகையினர். தமிழ்நாட்டிலே கொலுப்பொம்மைகள் களிமண்ணாலும் கூழாலும் செய்யப்படுகின்றன. புதுச்சேரியின் திருக்கனூர்க் கூழ்ப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும் கூழின் பங்கு உண்டு. எங்கள் வீட்டிலே ஆச்சி, ஓட்டை விழுந்த சுளகுக்கும் பெட்டிக்கும் பழங்கடுதாசியையும் வெந்தயத்தையும் சேர்த்தரைத்துப் பூசி, மேலும் ஓராண்டு உழைக்க வைப்பார். அவருக்கு அது கலையன்று, சிக்கனம்.

எழுத்தைக் கிழிக்கலாமா?

வேலை தொடங்கு முன்னரே ஒரு தடை எழுந்தது. கடுதாசி காலிலே பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்திலே வளர்ந்தவர்கள் நாம். எழுத்துள்ள தாள் கலைமகளின் வடிவம். கலைமகள் விழாவுக்கென்றே அந்தத் தாளைக் கிழித்து, ஊறவைத்து, உரலிலே இடிப்பதா? எங்கள் பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர் ஒருவர் இதனைக் கேள்வியுற்று நேரில் வந்தார். “தம்பி, இந்த ஊரிலே நீங்கள் இதைச் செய்யலாமோ?” என்று கேட்டார். ‘இந்த ஊரிலே’ என்பதை அழுத்திச் சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் அறிவேன். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெறமுடியாத ஏடுகளும் சாம்பராயின. அந்தச் சாம்பரைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அதன்பின் 1990களிலே பொருளாதாரத் தடைக் காலம். அச்சுத்தாள் கிடைக்காமல், பிள்ளைகள் எழுதும் கோடிட்ட கொப்பித் தாளிலே நாளிதழ் அச்சான நாள்களை நானும் கண்டவன். அந்நாளிலே ஒரு தாளின் இருபுறமும் எழுதி, ஓரத்திலும் எழுதி, பின்பே அடுப்பு மூட்டக் கொடுத்தோம். 2022 மார்ச்சிலே நாடெங்கும் கடுதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சையே தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய நாட்டிலே தாளைக் கிழிக்கச் சொல்லும் ஆசிரியன் விடை கூறக் கடமைப்பட்டவன்.

அவருக்கு நான் கூறிய விடை இது. எரித்தல் வேறு, இடித்தல் வேறு. எரித்தவன் பொருளையும் தாளையும் ஒருங்கே அழித்தான். இங்கே நாம் எடுப்பவை படித்து முடிந்த நாளிதழ்கள். மூட்டையாகக் கட்டி எடைக்குப் போடப்படுபவை, கடையிலே கடலை சுற்றக் கொடுக்கப்படுபவை. நூல்களையோ பாடக் கொப்பிகளையோ நாம் தொடமாட்டோம். முன்னோர் ஏடு செல்லரித்தபோது புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதினர். பழைய ஓலைக்காக அன்று, எழுத்துக்காகவே அவர்கள் உழைத்தனர். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே 1849ஆம் ஆண்டளவில் அச்சுக்கூடம் நிறுவி, ஓலையிலிருந்ததைக் கடுதாசிக்கு மாற்றியதும் அதனாலேயே. ஓலை போனது, நூல் நின்றது.

பெரியவர் தலையை அசைத்தார், உடன்பட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். “கிழிக்கிற தாளை முதலிலே வாசிக்கவேணும்.” அந்த ஒரு வார்த்தை எங்கள் வேலை முழுவதையும் மாற்றிவிட்டது.

அன்று தொடக்கம், எந்தப் பிள்ளையும் ஒரு தாளைக் கிழிக்குமுன் அதிலே ஒரு பத்தியையேனும் உரக்க வாசித்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. முப்பது பிள்ளைகள் மரத்தடியிலே அமர்ந்து நாளிதழ் வாசிக்கும் ஒலியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வெங்காய விலை, கடற்றொழிலாளர் முறைப்பாடு, கோயிற் கொடியேற்றம், காலநிலை அறிக்கை எல்லாம் ஒரே வேளையிலே ஒலித்தன. வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கு அருகிலிருந்த பிள்ளை எழுத்துக்கூட்டிக் கொடுத்தது. விளங்காத சொல்லைத் தனித்தாளிலே எழுதினார்கள். நான்கு நாளிலே நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. வாசிப்புப் பாடத்துக்கென நாம் ஒதுக்கும் நேரத்திலே இத்தனை ஊக்கத்தை நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள், ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். “ஐயா, இதிலே செத்த ஆக்களின்ர படம் இருக்கு. இதைக் கிழிக்கலாமோ?”

எங்கள் நாளிதழ்களை அறிந்தோருக்கு அவள் கேட்டது விளங்கும். மரண அறிவித்தல்களும் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிகளும் ஆண்டு நினைவுகளும் பக்கம் பக்கமாக வருவன. பிறந்த ஊர் ஒன்று, வாழ்ந்த ஊர் ஒன்று, பிள்ளைகள் இருக்கும் நாடுகள் நான்கு என்று அந்தச் சிறு கட்டத்துக்குள்ளே இந்தக் குடாநாட்டின் வரலாறே அடங்கியிருக்கும். நான் விடை சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் தமக்குள் பேசி முடிவுசெய்துவிட்டார்கள். முகம் உள்ள பக்கங்களைக் கிழிப்பதில்லை. அவற்றை நேராக மடித்துத் தனியே அடுக்கினார்கள். இன்றும் அவை எங்கள் அலுமாரியின் மேற்றட்டிலே, பழைய இடாப்புகளின் அருகே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று பிள்ளைகள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செய்முறை

ஆசிரியர்களுக்குப் பயன்படுமாறு செய்முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையாற் கிழித்தல் வேண்டும். கிழித்த ஓரத்திலே நார்கள் விரிந்து நிற்பதால் அவை ஒன்றோடொன்று எளிதிற் பின்னிக்கொள்ளும். பளபளப்பான தாள் உதவாது. அதன் மேற்பூச்சு நீரை உள்ளே விடாது. நாளிதழ்த் தாளே சிறந்தது. கிழித்த துண்டுகளை ஓரிரவு நீரிலே ஊறவிட்டு, மறுநாள் பெரியவர் ஒருவர் கிடாரத்திலே அரைமணி நேரம் அவித்துத் தருதல் வேண்டும். ஆறியபின் உரலிலிட்டு இடித்து, துணியிலே பிழிந்தெடுத்தால் சாம்பல் நிறமான கூழ் கிடைக்கும். இடிக்கும்போது பிள்ளைகள் முறைவைத்து உலக்கை பிடித்தார்கள். உரலையும் உலக்கையையும் முதன்முதலாகத் தொட்டவர் அவர்களுள் பலர்.

பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சிக்கொள்ளலாம். நான்கு பிடி கூழுக்கு ஒரு பிடி பசை என்பது நாங்கள் கண்ட அளவு. அதனோடு ஊறவைத்து அரைத்த வெந்தயம் ஒரு கரண்டி சேர்த்தால் கூழ் வழவழப்பாகிக் கைக்கு இணங்கும். ஆச்சியின் அனுபவம் பூச்சியையும் அது தடுக்கும் என்பது. புத்தகம் கட்டுவோர் பூச்சி வராதபடி பசையிலே மயிற்றுத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் வேலையிலே கூடாது. ஈரமான நார்கள் வழுக்கிக்கொண்டு இடம் மாறும். நீர் வற்றியதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். ஆதலின் எல்லாம் உலர்த்துவதிலேயே தங்கியிருக்கின்றது. தடிப்பாக ஒருமுறை அப்புவதினும், மெல்லிதாக மும்முறை பூசி ஒவ்வொன்றையும் வெயிலிலே காயவிடுவது நன்று. அடியிலே சிரட்டை, பழஞ்சட்டி, சுருட்டிய காய்ந்த பனையோலை ஆகியவற்றை வைத்தால் உருவம் நிற்கும். கழற்றி எடுக்க வேண்டிய அச்சிலே தேங்காயெண்ணெய் தடவுதல் வேண்டும்.

புரட்டாதி வெயில் இதற்கு வாய்த்த காலம். மழை தொடங்கியபின் இவ்வேலையைத் தொடங்குபவர் பூஞ்சணத்தையே வளர்ப்பர். அவ்வாறிருந்தும் ஒரு மாலை எதிர்பாராத மழை பெய்து, திண்ணையிலே காய்ந்த பறவைகளின் கழுத்துகள் சாய்ந்துவிட்டன. பிள்ளைகள் அவற்றை மதிய உணவு சமைக்கும் கொட்டிலுக்கு எடுத்துச்சென்று, அடுப்புச் சூட்டிலே ஓரிரவு வைத்துக் காப்பாற்றினர். இரண்டு பறவைகள் கழுத்து வளைந்தபடியே காய்ந்தன. “அது மீன் பார்க்குது” என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள்.

கூதிர்க் கொலு

கொலுவுக்கு எவ்வெவற்றைச் செய்யலாம் என்று கேட்டபோது முதலிலே ஒருவன் ‘மேப்பிள் இலை’ என்றான். நான் மறுக்கவில்லை. “ஐப்பசி கார்த்திகையிலே உன் வீட்டு வளவிலே என்ன காண்பாய்?” என்று மாத்திரம் கேட்டேன். அதன்பின் விடைகள் மழைபோல வந்தன. தவளை, குடை, ஈசல், காளான், வெள்ளம் நிறைந்த வயல், கார்த்திகைப் பூ, கடல்நீரேரிக்கு வரும் பறவை, சூரன்.

கார்த்திகைப் பூவே காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிய 99 பூக்களுள் முதலிடம் பெற்றது அது. வேலியிலே படர்ந்து, கூதிரிலே பூத்து, ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நெளிந்து சுடர்போல நிற்கும். கிழங்கு கலப்பைபோல இருத்தலின் கலப்பைக் கிழங்கு என்பர். அது கொடிய நஞ்சு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இதழ் முதலிலே பசுமையும் மஞ்சளுமாய்த் தோன்றிப் பின் ஓரத்திலிருந்து சிவந்து முதிரும். இந்த நிறமாற்றத்தை எவ்வாறு காட்டுவது என்று நாங்கள் யோசித்தபோது, சமையற் கொட்டிலிலே உதவும் அம்மா ஒருவர் வழி சொன்னார். இதழ் முழுவதும் மஞ்சளை அரைத்துப் பூசி, அது காயுமுன் ஓரத்திலே வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த நீரைத் தொட்டு வைத்தோம். மஞ்சள் கண்ணெதிரே சிவந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். குங்குமம் பிறக்கும் முறையும், விஞ்ஞான ஆசிரியர் காட்டும் காரச் சோதனையும், காந்தளின் முதிர்ச்சியும் ஒரு சிறு இதழிலே ஒன்றுகூடின. வெயிலிலே இந்நிறம் மங்கிவிடும் என்பது உண்மை. பூவும் அவ்வாறே மங்குவதன்றோ?

பறவைகள் பூநாரைகள். வடகீழ்ப் பருவக்காற்றோடு அவை கூட்டங்கூட்டமாக எங்கள் கடல்நீரேரிகளை நாடி வருகின்றன. 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாகிய சுண்டிக்குளத்திலும், மன்னார்ப் பகுதியிலும் அவற்றைக் காணலாம். நீண்ட சிவந்த கால், வளைந்த அலகு, இளஞ்சிவப்பு இறகு. கால்களுக்கு ஈர்க்கு வைத்து மேலே கூழ் பூசினோம். சூரனுக்கு மூன்று முகமூடிகள் செய்தார்கள். கந்தசட்டியிலே சூரன்போர் பார்த்த பிள்ளைகளாதலின் யானைமுகமும் சிங்கமுகமும் சூரன்முகமும் எவ்வாறிருக்க வேண்டும் என்பதை அவர்கள் எனக்குக் கற்பித்தார்கள். நெடுநல்வாடையை நினைந்து நான் கேட்டுக்கொண்டபடி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பனையோலை விசிறியைச் சுவரிலே தொங்கவிட்டு, அதன்மேல் கூழாற் செய்த ஒரு சிலந்தியை நூலிலே கட்டினார்கள்.

நவராத்திரியின் ஒன்பது மாலையிலும், எங்கள் பாடசாலைகளின் வழமைப்படி குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை ஓதினோம். மேற்படியிலே கும்பமும் நூல்களும். கீழ்ப்படிகளிலே காந்தளும் பூநாரையும் தவளையும் சூரனும். வாணி விழா நாளன்று அந்தப் பெரியவரும் வந்திருந்தார். கொலுவின் முன் நெடுநேரம் நின்றார். ஒரு பூநாரையின் அடிப்பக்கத்திலே நிறம் பூசாமல் விட்ட இடத்தில், இடிபடாமல் தப்பிய ஒரு துண்டு தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து அதனை வாசிக்க முயன்றார். “பாதிச் சொல்தான் இருக்கு,” என்றார். பின்பு என்னை நோக்கி, “எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லைத் தம்பி. ஆனால் பிள்ளைகள் நல்லாய்ச் செய்திருக்கினம்,” என்று சொல்லி, அவல் கடலையை வாங்கிக்கொண்டு சென்றார். அவர் மனம் ஒப்பாமையும் நமக்குத் தேவை என்றே நினைக்கிறேன். தாளின் அருமை அறிந்த ஒருவர் அருகே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் வரையிலே, கிழிக்கின்ற கை கவனமாகக் கிழிக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகின்ற புரட்டாதியிலே சுவரை அலங்கரிக்குமுன் பிள்ளைகளை அரைமணி நேரம் வெளியே அழைத்துச் செல்லுங்கள். என்ன பூத்திருக்கின்றது, என்ன உதிர்ந்திருக்கின்றது, எந்தப் பறவை வந்திருக்கின்றது என்று அவர்களே சொல்லட்டும். தீவகத்துப் பிள்ளை சொல்வதும் வலிகாமத்துப் பிள்ளை சொல்வதும் வேறுபடலாம், வேறுபடுதல் நன்றே. அதன்பின் பழைய நாளிதழைக் கையிலே கொடுத்து, வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தபின் கிழிக்கச் சொல்லுங்கள். மாசி பங்குனியிலே வேம்பு இலையுதிர்க்கும்போது மறுபடியும் அவர்களை வெளியே அழைத்துச் சென்று, ‘இலையுதிர் காலம்’ என்ற தலைப்பை அன்றைக்கு எழுதுங்கள். எங்கள் பாடசாலையிலே அத்தலைப்புக்குரிய இடத்தைச் சுவரிலே வெறுமையாக விட்டிருக்கிறோம். வேம்பிலை உதிர்ந்ததும் பிள்ளைகள் பொறுக்கி வந்து ஒட்டுவார்கள்.